திராட்சைக் குன்றின் அடிவாரத்திலே

தவறணை இருக்கும் ஒழுங்கையால் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் வீட்டிலே பிறந்தவர்கள் நாம். அத்தகைய நாம் அறுபது வயதைக் கடந்த பின்னர், இல்லக்கிழத்தியாரையும் உடன் அழைத்துக்கொண்டு, ஒரே நாளில் மூன்று மதுவகங்களின் வாயிலைத் தட்டினோம் என்றால் வாசகர்கள் நகைப்பார்கள். நகைக்கட்டும். நகைத்த பின், நாம் சென்ற இடம் எத்தகையது என்பதையும் சற்றே பொறுமையுடன் கேட்டருள வேண்டும்.

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், ஜேர்மனியின் பிரைபூர்க் நகரிலே வாழும் நம் மருமகனின் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தோம். மருமகன் என்றது தமக்கையாரின் புதல்வனை. ஒருநாள் மாலை அவன், "மாமா, நாளைக்கு றைன் ஆற்றைக் கடந்து பிரான்சுக்குப் போய் முந்திரிகைத் தோட்டம் பார்த்துவிட்டு வருவோமா?" என்று கேட்டான். திராட்சையை முந்திரிகை என்று சொல்லும் பழக்கம், இருபது ஆண்டு ஜேர்மனியில் இருந்தும் அவனை விட்டு நீங்கவில்லை. அச்சொல்லைக் கேட்டதும் நாம் மறுக்கவில்லை. ஊரிலே நம் வளவிலும் ஒரு காலத்தில் முந்திரிகைப் பந்தல் ஒன்று இருந்தது.

பிரான்சின் கிழக்கு எல்லையிலே, வோஸ்க் மலைத் தொடருக்கும் றைன் நதிக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் நாடு அல்சாஸ். மேற்கிலிருந்து வரும் மழை முகில்களை வோஸ்க் மலை தடுத்துவிடுகின்றது. ஆதலால் மலையின் கிழக்கு அடிவாரத்திலுள்ள கொல்மார் நகரம் பிரான்சிலேயே மழை குறைந்த நகரங்களுள் ஒன்று. ஆண்டுக்கு 600 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே அங்கு மழை பெய்கின்றது. யாழ்ப்பாணத்தில் பெய்வதன் பாதி என்று கொள்ளலாம். வெயிலும் வறண்ட காற்றும் சரிந்த நிலமும் முந்திரிகைக்கு உகந்தவை. வடக்கே மார்லன்ஹைம் தொடங்கித் தெற்கே தான் என்னும் ஊர் வரை, அடிவாரத்து ஊர்களை இணைத்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் நீளமான 'வைன் பாதை' ஒன்றை 1953ஆம் ஆண்டில் அமைத்தார்கள். ஊருக்கு ஊர் தேவாலயக் கோபுரம். கோபுரத்தைச் சுற்றி மரச்சட்டங்கள் வெளியே தெரியும் வீடுகள். வீடுகளின் பின்சுவரைத் தொட்டுக்கொண்டு கொடிகள். வாயிலிலே 'சுவைபார்த்தல், விற்பனை' என்னும் பலகை. சில வாயில்களில், முதுகிலே பீப்பாய் சுமந்து செல்லும் ஒரு மனிதனின் உருவமும் உண்டு. தானே கொடி வளர்த்து, தானே பிழிந்து, தானே போத்தலில் அடைத்து விற்பவர் இவர் என்பதற்கு அதுவே அடையாளம்.

முதலிற் சென்றது ரிக்வீர் என்னும் ஊர். மதிலும் வாயிற் கோபுரமும் கெடாமல் நிற்கும் பதினாறாம் நூற்றாண்டுத் தெருக்கள். அழகுக்குக் குறைவில்லை; கூட்டத்துக்கும் குறைவில்லை. 1639ஆம் ஆண்டு முதல் மதுத் தொழில் புரியும் ஹூகல் குடும்பத்தாரின் இல்லம் இவ்வூரிலேதான் இருக்கின்றது. 1715ஆம் ஆண்டில் செய்த பீப்பாய் ஒன்றை அவர்கள் இன்றும் பயன்படுத்தி வருகிறார்கள். அண்மையிலுள்ள ரிபோவில்லே ஊரிலே திரிம்பாக் குடும்பத்தார் 1626ஆம் ஆண்டு முதல் இதே தொழில். பரம்பரை என்று நாம் சொல்லிப் பெருமைப்படுவன எல்லாம் இந்த ஆண்டுக் கணக்கின் முன் சற்றே கூசுகின்றன. எனினும் ரிக்வீரில் நாம் நுழைந்த வேறொரு கடையிலே, சுற்றுலாக் கூட்டத்தின் நடுவே நின்று, ஊற்றுபவரின் முகத்தைக்கூடச் சரியாகப் பாராமல் வெளியேறினோம். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

இரண்டாவது வீடு ஹுனவீரில். அங்கே கூரையின் மேல் நாரைக் கூடு இருந்தது. நம் பழம் புலவர் தூதுவிட்ட செங்கால் நாரைதான். 1970களின் நடுப்பகுதியில் அல்சாஸ் முழுவதிலும் பத்துச் சோடி நாரைகள்கூட எஞ்சவில்லையாம். 1976ஆம் ஆண்டு இந்த ஹுனவீரிலே வளர்ப்பு நிலையம் அமைத்து அவ்வினத்தை மீட்டெடுத்தார்கள். இன்று கூரைக்குக் கூரை கூடு கட்டி, வீட்டுக்காரருக்குத் தொல்லை கொடுக்கும் அளவுக்குப் பெருகிவிட்டன.

சுவைபார்க்கும் முறையை இவ்வீட்டிலேதான் கற்றோம். பச்சைத் தண்டுள்ள சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் இரு விரற்கடை அளவே ஊற்றுவார்கள். முதலில் நிறம் பார்க்க வேண்டும், பின் மணம், அதன் பின்னரே ஒரு மிடறு. விழுங்கவேண்டிய கட்டாயமில்லை. மேசையின் மேல் படிக்கம் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆம், நம் பாட்டனார் வெற்றிலைத் தட்டத்தின் அருகே இருந்த அதே படிக்கம்! காரோட்டும் கடமை மருமகனுக்கு. ஆதலால் அவன் சுவைத்ததையெல்லாம் படிக்கத்திற்கே ஈந்தான். நாமும் பெரும்பாலும் அவ்வழியே நின்றோம். இல்லக்கிழத்தியார் கிண்ணத்தை மூக்கோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் மூவருள் கூர்மையான மூக்கு அவருடையதே. சில ஆண்டுகள் முதிர்ந்த றீஸ்லிங் வகையை முகர்ந்து, "இதென்ன, மண்ணெண்ணெய் மணக்குது!" என்றார். மருமகன் அஞ்சி அஞ்சி மொழிபெயர்த்தான். வீட்டுக்காரரோ மகிழ்ந்து கைதட்டினார். முதிர்ந்த றீஸ்லிங்குக்கு அம்மணம் வருவது இயல்பென்றும், அதைக் கண்டுபிடிக்கப் பலருக்குப் பல நாள் பயிற்சி வேண்டுமென்றும் அவர் சொன்னார். அன்று முழுதும் அம்மையாரின் நடை சற்றே நிமிர்ந்திருந்தது.

பிரான்சின் ஏனைய பகுதிகளில் மதுவுக்கு ஊரின் பெயரையே பெரும்பாலும் இடுவர். அல்சாஸில் பழத்தின் பெயரை இடுவர். சில்வானர், றீஸ்லிங், மஸ்கற், பினோ கிரி, கெவூர்ட்ஸ்திராமினர் என்று அடுக்கடுக்காக வரும். உவர்ப்பும் புளிப்பும் மிக்கவற்றை முதலிலும், மணமும் இனிமையும் மிக்கவற்றை இறுதியிலும் தருவது முறை. கெவூர்ட்ஸ்திராமினரை முகர்ந்தபோது நமக்குக் கலியாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீரின் நினைவே வந்தது. பினோ கிரி வகைக்கு நெடுங்காலம் 'தோக்காய்' என்ற பெயர் வழங்கியதாம். பதினாறாம் நூற்றாண்டில் சுவெண்டி என்னும் படைத்தலைவன் ஹங்கேரியிலிருந்து அக்கொடியைக் கொண்டுவந்தான் என்பது கதை. கொல்மார் சதுக்கத்திலே கையில் முந்திரிகைக் கொடியை உயர்த்திப் பிடித்து அவன் சிலையாக நிற்கின்றான். சிலையைச் செய்தவர் நியூயோர்க்கின் சுதந்திரதேவி சிலையை வடித்த பார்தோல்டி, கொல்மாரிற் பிறந்தவர். ஆனால் அக்கொடி உண்மையில் பர்கண்டி நாட்டுக் கொடி. 2007ஆம் ஆண்டின் பின் தோக்காய் என்ற பெயரை ஹங்கேரிக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். சிலை மாத்திரம் கொடியை விடவில்லை.

மூன்றாவது வீட்டைப் பற்றி எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினோம்.

ரிக்வீரிலிருந்து தெற்கே சிறிது தூரத்தில் சிகோல்சைம் என்ற ஊர் இருக்கின்றது. அருகிலுள்ள கைசர்ஸ்பேர்க்கிலேதான் 1875ஆம் ஆண்டு அல்பேர்ட் சுவைற்சர் பிறந்தார். பழைய வீடுகளைக் காணும் ஆவலுடன் சிகோல்சைமில் இறங்கினால் ஏமாற்றமே. வீடுகளெல்லாம் ஏறத்தாழ ஒரே வயதினவாய், ஒரே கையாற் கட்டியவை போலத் தோன்றுகின்றன. காரணம் கேட்டோம். 1944ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் 1945ஆம் ஆண்டு பெப்ரவரி வரை கொல்மாரைச் சூழ்ந்து நடந்த கடும்போரிலே இவ்வூரும், பென்வீர், அமர்ஷ்வீர் முதலிய அயலூர்களும் தரைமட்டமாயின. ரிக்வீர் தப்பியது, இரண்டு மூன்று கல் தொலைவிலுள்ள இது தப்பவில்லை. ஊருக்கு மேலே, கொடிகளுக்கு நடுவே குன்றின் மீது படைவீரர் மயானம் ஒன்றுண்டு. அங்கே துயில்வோர் 1,500 பேருக்கு மேல். அவர்களிற் பலர் மொறொக்கோ, அல்ஜீரியா முதலிய நாடுகளிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள்.

நாம் தட்டிய வீட்டின் கதவைத் திறந்தவர் எண்பது வயதுக்கு மேற்பட்ட மூதாட்டியார். சமையலறைக்கு அடுத்த அறையே சுவைபார்க்கும் அறை. நீண்ட மேசை, வாங்கு, சுவரிலே மணநாட் படங்கள். ஒருபுறம் உலர வைத்த துணிகள்கூட இருந்தன. அவற்றை அவசரமாக அகற்றினார். அவருடைய தாய்மொழி அல்சாஸ் நாட்டுப் பேச்சு. அது பிரைபூர்க் பக்கத்து நாட்டுப்புற ஜேர்மனுக்கு உறவானது. ஆகவே மருமகனுக்குப் பேச வாய்த்தது. இல்லக்கிழத்தியார் மது அருந்துவதில்லை என்றறிந்ததும், எவ்வித வியப்புமின்றி உள்ளே சென்று, தம் தோட்டத்துப் பழச்சாற்றைக் கொணர்ந்து அதே பச்சைத் தண்டுக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். விருந்தோம்பல் என்பது நம் நாட்டுக்கே உரியது என்று நாம் எண்ணுவது தவறு.

ஒவ்வொரு போத்தலையும் திறக்கும்போது, அது எந்தத் துண்டு நிலத்தின் மது என்று யன்னலூடாகக் கையைக் காட்டினார். பிரான்சிலே தந்தையின் நிலம் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். அதனால் ஒரு குடும்பத்தின் காணி பல இடங்களிலே கீற்றுக் கீற்றாகக் கிடக்கின்றது. நம் பரப்புக் கணக்கைப் போலவே. அவர்களுடைய சிறந்த துண்டு மாம்பூர்க் என்னும் தெற்குநோக்கிய சரிவில் இருக்கின்றது. சுண்ணாம்புக் கல் நிறைந்த மண். வலிகாமத்து மண்ணுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று நாம் சொன்னோம்.

அச்சொல்லினாலே கதை தொடங்கிற்று. அவர் பிறந்தது 1940இல். அல்சாஸை ஜேர்மனி கைப்பற்றிய ஆண்டு. 1942ஆம் ஆண்டு முதல் அல்சாஸிலும் மோசெலிலும் ஏறத்தாழ 130,000 ஆண்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக ஜேர்மன் படையிற் சேர்த்தார்கள். மூதாட்டியாரின் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். ருசியப் போர்முனையிலே சிறைப்பட்டு, தம்போவ் முகாமிலிருந்து 1945ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே வீடு திரும்பினார். வீடு எங்கே? நிலவறை மாத்திரமே இருந்ததாம். கொடிகளுக்கிடையே கண்ணிவெடிகள். அவற்றை அகற்றி, எரிந்த கொடிகளைப் பிடுங்கி, புதிய கொடி வைத்தால், மது செய்யத்தக்க பலன் மூன்றாம் ஆண்டிலேதான். அதுவரை என் செய்வது? இழந்தோர் பலர் ஒன்றுகூடிக் கூட்டுறவு முறையில் பொது நிலவறை அமைத்துக்கொண்டார்கள். நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போவோம் என்று தாயார் சொன்னாராம். "அப்பா மறுமொழி சொல்லவில்லை. அடுத்த நாட் காலையில் கொடி நடுவதற்குக் குழி வெட்டப் போய்விட்டார்" என்றார் மூதாட்டியார்.

மருமகன் இதை மொழிபெயர்க்கும்போது நம்மைப் பார்க்கவில்லை. அதற்குக் காரணமுண்டு. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலுள்ள நம் ஊரை விட்டு வெளியேறினோம். காணி மீண்டும் நம் கைக்கு வந்தது 2017இல். தூர்ந்த கிணறும், தந்தையார் நாட்டிய பந்தற் கற்றூண்கள் இரண்டும் எஞ்சியிருந்தன. கொடியின் அடையாளமே இல்லை. பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து வாழ்கிறார்கள், திரும்பப் போவதில்லை. விற்றுவிடலாம் என்பது உறவினர் எல்லோருடைய கருத்தும். நம் கருத்தும் ஏறத்தாழ அதுவாகவே இருந்தது. மருமகனிடம் அதைப்பற்றிப் பேசத்தான் அந்தப் பயணத்தையே மேற்கொண்டிருந்தோம்.

இவ்வீட்டிலும் அதே கவலை வேறு உருவில் இருந்தது. பேரனுக்குச் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே நல்ல வேலை. நாள்தோறும் எல்லை கடந்து போய் வருகின்றான். கொடியின் பக்கம் திரும்பான். பேத்தி மாத்திரம் ரூபாக்கிலுள்ள பயிர்ச்செய்கைப் பாடசாலையிலே இத்தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பருவமும் மாறிவருகின்றது. முன்பு ஒக்டோபரில் நடந்த அறுவடை இப்போது செப்டெம்பரிலும், சில ஆண்டுகளில் ஆகஸ்டிலுமே தொடங்கிவிடுகின்றது. அப்பெண் எத்தனை காலம் தாக்குப்பிடிப்பாள் என்று மூதாட்டியார் நம்மைக் கேட்டார். நாம் என்ன சொல்ல முடியும்?

அவ்வேளையில் அப்பேத்தியே, பிழிந்த சாறு கையிற் பிசுபிசுக்க, நிலவறையிலிருந்து மேலே வந்தாள். விருந்தினர் ஊரிலும் முந்திரிகை விளையும் என்று பாட்டியார் சொன்னதும் வாங்கில் வந்து அமர்ந்துவிட்டாள். பனிக்காலம் இல்லாத நாட்டிலே கொடி எப்படிக் காய்க்கும் என்பது அவளுடைய ஐயம். கொடியைக் கத்தரித்தால் தளிர்க்கும், தளிர்த்தாற் காய்க்கும், அவ்வாறு ஆண்டுக்கு இருமுறை அறுக்கலாம் என்றோம். அவள் நம்பவில்லை. பாட்டியாரும் நம்பவில்லை. பந்தலின் உயரம் என்ன, எந்தெந்த மாதத்திற் கத்தரிப்பீர்கள், எத்தனை கண் விட்டு வெட்டுவீர்கள் என்று கேள்விமேற் கேள்வி எழுந்தது. தந்தையார் கத்தியுடன் ஏணியில் நின்றதை நாம் கீழே நின்று பார்த்ததுண்டு. எத்தனை கண் விட்டார் என்று எண்ணிப் பார்த்ததில்லை. இல்லக்கிழத்தியார்தான் காப்பாற்றினார். "ஊருக்குப் போய்ப் பார்த்து எழுதுகிறோம் என்று சொல்லு தம்பி" என்றார்.

ஒரு றீஸ்லிங்கும், பழச்சாறு நான்கு போத்தலும் வாங்கினோம். சுவைத்ததற்குப் பணம் வேண்டாம் என்றார்கள். பேத்தி ஒரு தாளில் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். திரும்பும் வழியில் றைன் பாலத்தைக் கடக்கும்வரை காணி விற்பனையைப் பற்றி மருமகனும் பேசவில்லை; நாமும் பேசவில்லை.

ஊர் வந்து சேர்ந்த பின் கிணற்றை இறைப்பித்தோம். தண்ணீர் நல்ல தண்ணீர்தான், உவர்ப்பு ஏறவில்லை. கண் எண்ணிக் கத்தரிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.