அத்திப்பட்டுக்கு ஒரு கேடியோடு

மழை வராத நாளிலும் நீளக் குடையோடு திரிவது என் வழக்கம். கும்மிடிப்பூண்டி வண்டி கொருக்குப்பேட்டையைத் தாண்டும்போது எதிரே இருந்தவர் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

“பிடி தப்பு சார். கட்டை விரலக் கீழ எறக்குங்க.”

குடைக்கு என்ன பிடி? வாங்கிக் காட்டினார். இரண்டு கையும் கோத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, ஓடுகிற ரயிலில் கால் தடுமாறாமல் நின்றார். “முப்பது வருசம் கிண்டில கேடியா இருந்தேன்” என்றார். கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோல்ஃப் ஆடுகிறவருக்குப் பை சுமக்கும் கேடி என்று விளக்குவதற்குள் திருவொற்றியூர் வந்துவிட்டது. அந்த அம்மா கடைசி வரை நம்பவில்லை.

எனக்கு அத்திப்பட்டு புதுநகரில் பெரியப்பா மகன் வீடு. கேடிக்கு அத்திப்பட்டில் ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் காவல் வேலை, மூன்று மணி ஷிப்ட். நான் கோல்ஃப் ஆடியவன் இல்லை, பார்க்கிற பைத்தியம். பேச்சுக்கு அது போதுமானதாக இருந்தது.

கிண்டியில் குதிரை ஓடும் தடத்துக்கு நடுவே கோல்ஃப் மைதானம் இருந்ததைச் சென்னைக்காரர்களிலேயே பலர் பார்த்ததில்லை. 2024 செப்டம்பரில் அரசு ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கருக்கு மேல் நிலத்தை எடுத்துக்கொண்டபோதுதான் பலருக்கு அது செய்தியானது. அவர் அதற்கு முன்பே முழங்கால் வலியால் வேலையை விட்டவர். ஆனாலும் அந்த மண்ணைப் பற்றிப் பேசும்போது நிகழ்காலத்தில்தான் பேசினார். “மத்தியானம் கடக்காத்து திரும்பும் சார். காலைல ஏழாம் நம்பர் ஸ்டிக் குடுத்த எடத்துல அப்போ அஞ்சு குடுக்கணும். மெம்பருக்குத் தெரியாது. பந்து குட்டையா விழுந்தா நம்மளத் திட்டுவாரு.”

தொழில்முறை வீரர்களிடம் பிடித்த மைதானம் எது என்று கேட்டால் பெரும்பாலும் சொந்த ஊர் மைதானத்தைத்தான் சொல்வார்கள் என்றேன். பணிவுக்குச் சொல்வது என்று நான் நினைத்திருந்தேன். அவர் தலையாட்டினார். “சும்மா சொல்றதில்ல. அங்க யோசிக்கவே வேணாம், கால் போயிடும்.”

சிவ் கபூரை நினைத்துக்கொண்டேன். உலகமெல்லாம் சுற்றி ஆடியவர், 2017இல் தான் வளர்ந்த டெல்லி கோல்ஃப் கிளப்பிலேயே பானசோனிக் ஓபனை வென்றார். இரண்டு பக்கமும் புதர் நெருக்கும் ஒடுங்கிய மைதானம் அது. பந்து உள்ளே போனால் மயில் எடுத்துக்கொண்டது என்று விட்டுவிட வேண்டியதுதான். நீளமாக அடிக்கும் டிரைவரைப் பையிலேயே வைத்துவிட்டு இரும்பு ஸ்டிக்கால் தட்டி நகர்வது அங்கே பழகியவர்களின் புத்தி. புதிதாக வருகிற வெளிநாட்டுக்காரருக்கு அந்த அடக்கம் வர இரண்டு நாளாகும்; அதற்குள் பாதிப் போட்டி முடிந்திருக்கும்.

கேடிக்குப் பிடித்த பெயர் வேறு. எஸ்.எஸ்.பி. சௌராசியா. 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் அவருடைய அப்பா புல் பராமரித்தவர். பிள்ளை அங்கேயே வளர்ந்து ஆட்டம் பழகினார். நான் ஒருமுறை டாலிகஞ்சில் அந்த வாசல் வரை போய் உள்ளே போகத் துணியாமல் திரும்பியிருக்கிறேன். அதே வாசல் வழியாகத்தான் அந்தத் தோட்டக்காரரின் மகனும் தினமும் போயிருப்பார் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. 2015 இந்தியன் ஓபனில் அனிர்பன் லாஹிரியிடம் பிளேஆஃபில் தோற்ற சௌராசியா, 2016இல் அதே டெல்லி மைதானத்தில் லாஹிரியை இரண்டாம் இடத்தில் நிறுத்திவிட்டு வென்றார். அடுத்த ஆண்டு போட்டி குருகிராமுக்கு, கேரி பிளேயர் வடிவமைத்த அகன்ற, கொடூரமான மைதானத்துக்குப் போனது. நீளமாக அடிக்காத இந்த மனிதருக்கு அது ஆகாது என்றுதான் நான் நினைத்தேன். ஏழு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

“மொத மொத எங்க சின்னதா தட்டக் கத்துக்கினாரோ, அது கையோடவே வரும் சார்” என்றார் கேடி. பெங்களூரில் கேடியாகத் தொடங்கி 2009 இந்தியன் ஓபனை வென்ற முனியப்பாவின் பெயரைச் சொல்லும்போது தன் சொந்தத் தம்பியைச் சொல்வது போல் குரல் ஏறியது.

நான் எதிர்க்கட்சி ஆனேன். ரோரி மெக்கில்ராய், அவருடைய வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் மைதானம். 16 வயதில் அங்கே 61 அடித்துச் சாதனை படைத்த பையன். 2019இல் அதே இடத்துக்கு பிரிட்டிஷ் ஓபன் வந்தது. ஊரே திரண்டு நின்றது. முதல் குழியில் முதல் அடியே எல்லைக்கு வெளியே. நாலில் முடிக்க வேண்டிய குழிக்கு எட்டு. அன்றைக்கு 79. மறுநாள் 65 அடித்தும் ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் போட்டியிலிருந்து வெளியேறினார்.

கேடி வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கதிவாக்கம் போய் எண்ணூர் போய், கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் வண்டி தடதடத்தது. பிறகு, “சொந்த ஊர்ல கல்யாணத்துக்குப் போனா சாப்பிட முடியுதா சார்? எல்லாரும் எலையத்தான பாக்குறாங்க” என்றார்.

நான் இறங்க வேண்டியது புதுநகரில். பேச்சில் விட்டுவிட்டு அத்திப்பட்டிலேயே இறங்கினேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் ‘சிட்டிசன்’ படத்து அத்திப்பட்டியா என்று கேட்காத நண்பர் எனக்கில்லை. அந்தக் கற்பனைக் கிராமம் வரைபடத்திலிருந்தே காணாமல் போகும். இந்த ஊர் காணாமல் போக வழியே இல்லை. வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வெகுதூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் எழுப்பும் புழுதியில் நடந்தோம். கருவேல முள்ளுக்கு நடுவே ஒரு திடல், டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். கேடி நின்றுவிட்டார்.

முள்ளுக்குள் பந்து போனால் இரண்டு ரன், தேங்கிய தண்ணீரில் விழுந்தால் அவுட், லாரி மேல் பட்டால் மறுபந்து. பையன் ஒருவன் மூச்சு விடாமல் ஒப்பித்தான். கோல்ஃபிலும் இதற்கு உள்ளூர் விதி என்று பெயர். 1940இல் லண்டனை ஒட்டிய ரிச்மண்ட் கிளப், குண்டு வெடித்து ஆட்டம் குலைந்தால் வேறு பந்து அடிக்கலாம், ஆனால் ஒரு ஸ்ட்ரோக் அபராதம் உண்டு என்று எழுதி வைத்தது. போர்க்காலத்திலும் அபராதத்தை விடவில்லை பாருங்கள்.

கேடி குனிந்து ஒரு கிள்ளு மண் எடுத்து இடுப்புயரத்தில் விட்டார். கிண்டியில் புல்லைக் கிள்ளி விடுவாராம். மண்ணோடு சாம்பல் நிறமாய் ஏதோ தனியே பிரிந்து மேற்கே போயிற்று.

“கடக்காத்து வந்துடுச்சு” என்றார். பிறகு பந்து வீசப் போன பையனைக் கூப்பிட்டு, “டேய், அந்த முனைலருந்து போடாத, இந்தப் பக்கம் வா” என்றார்.

பையன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“யோவ் பெருசு, இது எங்க கிரவுண்டு” என்று சொல்லிவிட்டு, அந்த முனையிலிருந்தே ஓடி வந்தான். ஸ்டம்பு எகிறியது. கேடி என் குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்கு நடந்தார்.