ஆச்சி ரூமும் வினைல் தரையும்

தக்கலை பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவங்களுக்குத் தெரியும். 1795 வரைக்கும் திருவிதாங்கூருக்குத் தலைநகரா இருந்த ஊரு. அந்தக் கறுப்புத் தரை இன்னைக்கும் மின்னுது. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கருன்னு கலவையைப் பத்தி ஆளாளுக்குச் சொல்லுவாங்க. வாசல்லயே செருப்பைக் கழட்டச் சொல்றதும் ஒரு காரணம்னு நான் சொல்லுவேன்.

நம்ம கதைக்கு வருவோம். நாகர்கோவில் வீட்டுல செவப்பு சிமெண்ட் தரை போய் டைல்ஸ் வந்தது. ஒரு சொட்டு தண்ணி சிந்தினா போதும், சறுக்கும். போன வருசம் ஆச்சி விழுந்துட்டாங்க. நல்லவேளை, எலும்பு முறியல. ஆனா பயம் பிடிச்சுக்கிட்டு. அதான் அவங்க ரூம்ல மட்டும் வினைல் ஷீட் ஒட்டினோம்.

"எலே மக்ளே, இது தறையா, பாயா?"

"ரெண்டுந்தான் ஆச்சி" :-)

சிக்கல் அதுக்கப்புறந்தான். நம்ம ஊர்ல தரை கழுவறதுன்னா வாளி நெறைய தண்ணி, பினாயில். கறை போகலன்னா ஆசிட். வினைலுக்கு இது எதுவும் ஆகாது. ஷீட் தண்ணியை உறிஞ்சாதுதான். ஆனா ஓரம் வழியா, இணைப்பு வழியா அடியில எறங்கிட்டா காய வழி கிடையாது. பசை விட்டு ஓரம் தூக்கும், பூஞ்சை பிடிக்கும். ரெண்டு பருவமழையும் பெய்யுற மாவட்டம் வேற. தூக்கின ஓரம் ஆச்சி காலைத் தடுக்கினா, எதுக்குப் போட்டோமோ அதுவே வீண்.

நாங்க இப்போ செய்யுறது இதுதான்:

1. மொதல்ல நல்லா தூத்தணும். மணல் கிடந்தா மிதிக்க மிதிக்க உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

2. வாளித் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவுற திரவம். துணியை ஒட்டப் பிழிஞ்சு தொடைக்கணும்.

3. அப்புறம் வெறுந்தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணியால இன்னொரு தடவை. இதை விடவே கூடாது. சோப்பு படிஞ்சு நின்னா தரை மங்கும், வழுக்கவும் செய்யும்.

4. கறைக்கு மண்ணெண்ணெய், தின்னர் வேண்டாம். வினைல் இளகிடும். சோப்புத் தண்ணியை அஞ்சு நிமிசம் ஊற விட்டு மெத்துன துணியால தேய்ச்சா பெரும்பாலும் போயிரும்.

5. ரப்பர் மிதியடி போட்டா மஞ்சக் கறை விழும், அது கழுவினாலும் போகாது. துணி மிதியடி ஆச்சிக்கு வழுக்கும். அதனால அந்த ரூம்ல மிதியடியே கிடையாது.

அம்மாவுக்குத்தான் சமாதானமே ஆகல. "இவ்வளவு கொஞ்சத் தண்ணில தொடைச்சா அழுக்கு எங்கடே போகும்?"னு கேட்டாங்க. பிழிஞ்ச துணியில இருந்த கறுப்பைக் காட்டினேன். ஒண்ணும் பேசல, மறுநாள் வாளியில பாதித் தண்ணிதான் இருந்தது.

பளபளப்புக்கு மெழுகு போடுன்னு ஒருத்தர் யோசனை சொன்னாரு. வேண்டாம்னுட்டேன். முகம் பாக்க வீட்டுல கண்ணாடி இருக்கு. ஆச்சி ராத்திரி யாரையும் எழுப்பாம பாத்ரூம் போயிட்டு வாறாங்க, தரைகிட்ட நான் கேக்குறது அவ்வளவுதான் மக்கா.