வயரிங் கோளாறு என்றேன்

பந்து எறியும் கருவியை வடிவமைத்தவன் நான். அது தோற்றதற்குக் காரணமும் நான். பழியைச் சுமந்தவன் வேறொருவன்.

2022-இல் ஏபியூ ரோபோகான் என்ற ரோபோ போட்டி புதுதில்லியில் நடந்தது. அந்த ஆண்டு லகோரி ஆட்டம். எங்கள் ஊர் கெங்குவார்பட்டித் தெருவில் நாங்கள் ஏழு கல் என்று ஆடியதுதான். கல்லுக்குப் பதில் அங்கே ஐந்து வட்டுகள். ரோபோ பந்தெறிந்து அந்த அடுக்கைக் கலைக்க வேண்டும். இந்தியச் சுற்றுக்கு எங்கள் கல்லூரி அணியும் தயாரானது. கவட்டையால் மாங்காய் அடித்து வளர்ந்தவன் நான். குறி பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற திமிர் இருந்தது.

என் கருவியில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சக்கரங்கள். இடையில் பந்தைக் கொடுத்தால் கவ்வி வீசும். ஒவ்வொரு பந்தும் சக்கரத்தின் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். பேட்டரியும் இறங்கும். மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், ஓட ஓட 11-ஐ நோக்கி வரும். வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தூரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவனுக்கு இது புரிந்திருந்தது.

“அண்ணே, என்கோடர் மாட்டிருவோம்ணே. வேகம் இறங்குனா தெரிஞ்சிரும்.”

“நீ சால்டரிங்கைப் பாரு” என்றேன். அவன் சொன்னது சரி என்று அப்போதே தெரியும். ஜூனியர் சொல்லி நான் மாற்றுவதா என்பதுதான் தடுத்தது.

கிளம்பப் பத்து நாள் இருந்தது. ஓர் இரவு தனியாகச் சோதித்தேன். ஆறாவது பந்து குறுகி விழுந்தது. ஏழாவதும் விழுந்தது. பேட்டரியை மாற்றினேன். மறுபடி சரியாகப் போனது. சோதனை நோட்டில் சரியாகப் போனவற்றை மட்டும் எழுதினேன். பயந்துவிட்டேன். சொன்னால் கருவியைப் பிரிக்கச் சொல்வார்கள். சொல்லியிருந்தால் சரிசெய்யப் பத்து நாள் போதுமாக இருந்திருக்கும்.

களத்தில் பந்துகள் அடுக்குக்கு முன்னாலேயே விழுந்தன. வெளியே வந்ததும் பேராசிரியர் காரணம் கேட்டார். எல்லாரும் நின்றார்கள். “வயரிங் கோளாறு சார்” என்றேன். வயரிங் செய்தவன் அந்தத் தம்பி. அவன் தலை குனிந்தான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைத் தில்லிக்கு அனுப்ப அவன் அம்மா தோட்டை அடகு வைத்திருந்தார். அதுவும் எனக்குத் தெரியும்.

திரும்பும் ரயிலில் எல்லாரும் தூங்கினார்கள். அவன் மட்டும் சர்க்யூட் போர்டை மடியில் வைத்து, மல்டிமீட்டரால் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். விடியும் நேரத்தில் என்னை எழுப்பினான்.

“எல்லாம் சரியாத்தானேண்ணே இருக்கு?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.