மயிலிறகு குட்டி போடாது

லினக்ஸ்ல ஒரு கோப்பைத் திறந்தா கெர்னல் நம்ம கையில ஒரு எண்ணைக் கொடுக்கும். கூடவே, நாம எத்தனையாவது பைட்டுல நிக்கிறோம்னு தன் பக்கம் ஒரு அடையாளமும் வெச்சுக்கும். சின்ன வயசுல புத்தகத்துக்குள்ள மயிலிறகு வைப்போமே, அது மாதிரி. ரீட், ரைட் ரெண்டுமே அந்த இடத்துல ஆரம்பிச்சு, அடையாளத்தை நகர்த்திட்டுப் போகும். வேற இடத்துக்குத் தாவணும்னா எல்சீக்.

அதென்ன 'எல்'? லாங். பிடிபி-11 காலத்து யூனிக்ஸில் வெறும் சீக்தான். முழு எண்ணுக்கு 16 பிட் என்பதால் 65,535ஐத் தாண்டி பைட் கணக்கில் இடம் சொல்ல முடியாது. 512 பைட் கட்டங்களாகத்தான் எண்ணணும். 1979ல் வந்த ஏழாம் பதிப்பில்தான் எல்சீக் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எல்சீக் ஒரு அழைப்பு, ரைட் இன்னொரு அழைப்பு. ரெண்டுக்கும் நடுவுல வேற யாராவது மயிலிறகை எடுத்து வேற பக்கத்துல வெச்சுட்டா?

எனக்குத் தெரிந்த ஒரு அரிசி மண்டியில் இதுதான் நடந்தது. பாக்கிக் கணக்குக்கு ஒரே கோப்பு, ஆளுக்கு 64 பைட். 12வது ஆள் பணம் கட்டினார். ஒரு த்ரெட் எல்சீக் போட்டு 704வது பைட்டுக்குப் போச்சு. அதே நொடியில், ரிப்போர்ட் எடுத்துட்டிருந்த இன்னொரு த்ரெட் 57வது ஆளைப் படிக்க 3584க்குத் தாவிடுச்சு. அடுத்து வந்த ரைட், 'பாக்கி பூஜ்யம்'னு 57வது ஆள் கணக்குல எழுதிட்டுப் போயிடுச்சு. எர்ரர் எதுவும் வரலை. பணம் கட்டின பெரியவர் மட்டும், "கட்டிட்டேன் தம்பி"ன்னு கடை வாசல்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு நின்னார்.

ஃபோர்க்கிலும் இதே கதைதான். ப்ராசஸ் குட்டி போடும். மயிலிறகு குட்டி போடாது. அம்மாவும் பிள்ளையும் அந்த ஒண்ணைத்தான் நகர்த்திட்டிருப்பாங்க. தனித்தனியா ஓப்பன் பண்ணினாத்தான் தனித்தனி அடையாளம்.

இதுக்குத்தான் பிரீட், பிரைட். 704ல் எழுதுன்னு இடத்தையும் சேர்த்து ஒரே அழைப்பில் சொல்லிடலாம். மயிலிறகைத் தொடவே தொடாது. எத்தனை த்ரெட் வந்தாலும் அவங்கவங்க இடம் அவங்கவங்களுக்கு. ஒரு சிஸ்டம் காலும் மிச்சம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமே 2019ல் வந்த 12வது பதிப்பில்தான் தரவுக் கோப்புகளுக்கு எல்சீக்கை விட்டு இதுக்கு மாறினது.

ஆனா இது பூட்டு இல்லைங்க. ரெண்டு பேர் ஒரே ஆளோட பாக்கியைப் படிச்சு, கூட்டிக் கழிச்சுத் திரும்ப எழுதினா, கடைசியா எழுதினதுதான் நிக்கும். அதுக்குத் தனியா பூட்டு போடணும். கேட்ட அத்தனை பைட்டும் ஒரே தடவையில வரும்னு உத்தரவாதமும் கிடையாது. திரும்பி வர்ற எண்ணைப் பார்த்து மிச்சத்தைக் கேட்கணும். பைப், சாக்கெட்டுல இது செல்லாது. அங்கே பக்கமே கிடையாதே!

இன்னொண்ணு. கோப்பை அப்பென்ட் முறையில் திறந்திருந்தா, லினக்ஸில் பிரைட் நீங்க சொன்ன இடத்தைக் காதுல போட்டுக்காது. கோப்போட வால்லதான் கொண்டுபோய்ச் சேர்க்கும். போசிக்ஸ் விதிப்படி இது தப்பு. மேன் பக்கத்திலேயே 'பக்' என்ற தலைப்பில் ஒத்துக்கிட்டிருக்காங்க. கணக்குக் கோப்பைத் திறக்கிற வரியை ஒருதரம் பார்த்துடுங்க.