கத்தி பழகும் மாப்பிள்ளைக்கு

மன்னார்குடி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை செந்திலுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தையும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, கோயிலுக்கு நடந்தே போய்வருகிறாள். இன்று கடைக்கு விடுமுறை என்பதால் ஆற அமர உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜெர்மனியில் சோலிங்கன் போய்ச் சவரக்கத்தி வாங்கியிருப்பதையும், இனி அதில்தான் முகம் வழித்துக்கொள்ளப் போவதாக நீ எழுதியிருப்பதையும் படித்து மனசு நிறைந்துவிட்டது. உன் தாத்தாவின் அடைப்பப் பையில் இருந்ததும் சோலிங்கன் கத்திதான். வேறு ஊரில் செய்த கத்தியில் சோலிங்கன் பெயரைப் பொறிக்கக் கூடாது என்று 1938லேயே சட்டம் போட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். தாத்தாவைப் போன்றவர்கள் ‘ஜெர்மன் கத்தி’ என்று சொல்லி உயிராக வைத்திருந்தார்கள். சவரத் தொழிலைச் சொல்லவே கூசும்படி ஊர் எங்களை நடத்திய காலம் அது. அவருடைய பேரன் அதே கத்தியை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறான் என்பதில் எனக்குப் பெருமை, மாப்பிள்ளை.

நான் சொல்லப்போவது அத்தனையும் ஒரு வார்த்தைக்குள் அடங்கும்: அழுத்தாதே. கத்தியின் கனமே முடியை எடுக்கும். அழுத்தினால்தான் போகிறது என்றால் கத்தி பதமாக இல்லை, இல்லாவிட்டால் முடி ஊறவில்லை, அதுவும் இல்லாவிட்டால் தோலை இழுத்துப் பிடிக்கவில்லை. எது குறை என்று பார்த்துச் சரிசெய். கையில் பலம் கூட்டாதே.

முதலில் கத்தி. புதுசு என்பதாலேயே பதமாக இருக்கும் என்று நம்பாதே. கல்லில் கடைசித் தீட்டு முடியாமலே விற்பனைக்கு வரும் கத்திகள் நிறைய. முன்கை ரோமத்தின் மேல், தோலில் படாத உயரத்தில் ஓட்டிப் பார். ரோமம் தானாக அறுந்து விழ வேண்டும். விழாவிட்டால் முகத்துக்குக் கொண்டுபோகாதே. அங்கேயே கைதேர்ந்தவர் ஒருவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்கு. முதுகையும் வாயையும் ஒருசேரக் கல்லில் படுக்க வைத்தால் சாய்வு தானாக அமையும்படிதான் சவரக்கத்தியைச் செய்கிறார்கள். ஆனாலும் 1000 நம்பர் கல்லில் வாய் கட்டி, 4000, 8000 என்று ஏறுவது தனி வித்தை. பழகாத கை ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துவிடும். பெல்ஜியத்தில் ஆர்டென் பக்கம் வெட்டியெடுக்கும் வெளிர்மஞ்சள் கல்லைத் தெரிந்தவர்கள் உயர்வாகச் சொல்வார்கள். உனக்குப் பக்கத்து நாடுதான், பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தினமும் உனக்கு வேலை தோல்வாரில். வாரின் ஒரு நுனியைக் கொக்கியில் மாட்டி, மறுநுனியை இடக்கையால் விறைப்பாக இழுத்துப் பிடி. தொய்ந்த வாரில் தீட்டினால் கூர் உருண்டுவிடும். கத்தியைத் தட்டையாகப் படுக்கவை. முதுகும் வாயும் சேர்ந்தே தோலைத் தொட வேண்டும். முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வரும்படி இழு. கோடிக்கு வந்ததும் நிறுத்து. முதுகை எடுக்காமல், அதன் மேலேயே கத்தியைப் புரட்டித் திரும்பி வா. வாயின் மேல் புரட்டினால் வாரும் வெட்டுப்படும், கூரும் போகும். துணிப்பட்டையில் இருபது, தோலில் ஐம்பது என்று போய்வந்தால் போதும். சினிமாவில் காட்டும் வேகம் உனக்கு வேண்டாம். மேஜையில் வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்தி இருக்கிறதே, அதை வைத்து இந்தப் புரட்டை முதலில் பழகு. இங்கே அவசரப்படுகிறவன்தான் கன்னத்தில் அழுத்துவான்.

அடுத்து முடி. குளித்த கையோடு வழிப்பது நல்லது. இல்லையென்றால் வெந்நீர் தொட்டு, இரண்டு மூன்று நிமிஷமாவது ஊறவிடு. நீர் ஏறிய முடி இளகிக் கொடுக்கும். கிண்ணியில் பிரஷ்ஷால் சோப்பைக் குழை. குமிழி குமிழியாக வந்தால் தண்ணீர் அதிகம். கெட்டித் தயிர்ப் பதத்தில், பளபளவென்று வர வேண்டும். டப்பாவை அழுத்தினால் பீய்ச்சும் நுரை இந்தக் கத்திக்கு ஆகாது, சீக்கிரம் காய்ந்துவிடும்.

பிடி இப்படி: காம்பின் மேல் மூன்று விரல், வால் மேல் சுண்டுவிரல், அடியில் கட்டைவிரல். கன்னத்தில் கத்தியைத் தட்டையாக வைத்து, முதுகின் தடிமனைப்போல இரண்டு மடங்கு தூக்கு. ஏறக்குறைய 30 டிகிரி வரும். அதற்கு மேல் தூக்கினால் வெட்டும், தாழ்ந்தால் முடியைப் பிடுங்கும். மறுகையால் கிருதாவுக்கு மேலே தோலை இழுத்துப் பிடித்து, முடி போகும் போக்கிலேயே, ஓரோர் அங்குலமாக இறங்கி வா. கத்தியை வாயின் நீளவாக்கில் பக்கவாட்டாக நகர்த்தவே கூடாது. ஆழமான வெட்டு அப்படித்தான் விழும். எதிர்ப்போக்கில் வழிப்பதை மறந்துவிடு, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

காதையும் தீட்டி வைத்துக்கொள். சோலிங்கன் கத்தியின் இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குழிவாக இருக்கும். வாய் அவ்வளவு மெல்லிசு என்பதால் ஒவ்வொரு முடி அறுபடும்போதும் அதிரும். சாய்வு சரியாக இருந்தால் சீரான ‘சரசர’ சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் அந்த இடத்தில் முடி இல்லை, அல்லது சாய்வு மாறிவிட்டது. கடையில் ரேடியோவைச் சின்னதாக வைக்கச் சொல்லித் தாத்தா சத்தம் போடுவார். அவர் பாதி வேலையைக் காதால் செய்தவர்.

நம் கடையில் பழக வரும் பையன்களுக்கு ஊதின பலூனில் நுரை பூசி வழிக்கச் சொல்லிக்கொடுப்போம். அழுத்தினால் அங்கேயே வெடித்துவிடும். நீயும் செய்து பார். ஆனால் அடுத்தவர் முகம் வழிப்பதும் சொந்த முகம் வழிப்பதும் வேறு வேறு வித்தை. 1769லேயே பெரே என்ற பிரெஞ்சுக் கத்திக்காரர் தனக்குத்தானே முகம் வழிப்பது எப்படி என்று தனிப் புத்தகமே எழுதினார். கண்ணாடியில் இடம் வலம் குழப்பும். உன் கையே முகத்தை மறைக்கும். அதனால் ஆரம்பத்தில் இரண்டு கன்னத்துக்கு மட்டும் கத்தி; மற்றதை வழக்கமான ரேசரில் எடு. இடக் கன்னத்துக்கு இடக்கையைப் பழக்கு. முதலில் தடுமாறும், பிறகு அதுதான் சௌகரியம். கன்னம் சுத்தமாக வந்த பிறகு தாடை ஓரம். மோவாயும் மேலுதடும் கடைசியில். கழுத்தில் முடி பல திக்கில் ஓடும், விரலால் தடவிப் போக்கைத் தெரிந்துகொள்ளாமல் தொடாதே. கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாதே, விழட்டும். தொட்டியில் ஒரு துண்டை மடித்துப் போட்டுவை.

இன்னொன்றில் கண்டிப்பாக இருக்கிறேன். உன் கத்தி உனக்கு மட்டும்தான். அறையில் தங்கியிருக்கும் நண்பனுக்குக்கூடக் கொடுக்காதே. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகு விழிப்புணர்வு பரவப் பரவ, ஆளுக்கொரு புது பிளேடு என்று சலூன்கள் மாறின. பிளேடைப் பாதியாக உடைத்து மாட்டும் கத்தி வந்தது, ஜெர்மன் கத்திகள் பெட்டிக்குள் போயின. எங்களுக்கு வருத்தம்தான். ஆனால் மாறியது சரி. மஞ்சள் காமாலை பரப்பும் கிருமியும் ரத்தம் பட்ட கத்தியில் போகும். அந்த அரை பிளேடு கத்தியில் கை பழகிவிட்டு இதற்கு வரலாம் என்றும் நினைக்காதே. அது கனமில்லாதது, தோல் பொறுக்காத கூர்.

முடித்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, ஈரம் இருக்கும்போதே படிகாரக் கல்லைத் தடவு. எரிகிற இடமெல்லாம் நீ அழுத்திய இடம் என்று காட்டிக்கொடுத்துவிடும். கத்தியை ஈரம் போகத் துடைத்து, மெல்லிய மினரல் எண்ணெய் பூசி வை. இங்கே மாதிரி தேங்காய் எண்ணெய் வேண்டாம், அந்தக் குளிரில் உறைந்துவிடும். குளியலறையில் வைக்காதே, ஒரே வாரத்தில் துருப் புள்ளி விழும்.

கன்னம் எப்படி வந்தது என்று ஒளிக்காமல் எழுது. ஊருக்கு வரும்போது கத்தியைக் கொண்டுவா, நானே கல்லில் போட்டுத் தருகிறேன். விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறித்துக்கொள்வார்கள். பெரிய பெட்டிக்குள் போடு.

அன்புடன்,
மாமா