எங்களுக்கும் ஒரு பாடு

பழவேற்காடு ஏரியில் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று முறை போட்டு ஒதுக்குவார்கள். ஒருத்தரே ஏரியை அள்ளிக்கொள்ள முடியாது. ஆனால், எங்கள் ஊரில் பாடு ஆண்களுக்குத்தான். அப்பா போனபிறகு, ஆண்பிள்ளை இல்லாத எங்கள் வீட்டுக்குப் பாடு இல்லை. அம்மா கூடை தூக்கி மீன் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

எம்.ஏ. படிக்கச் சேப்பாக்கம் வந்த முதல் பருவத்தில், சென்னைப் பல்கலைக்கழக நூலக வாசலில் தயங்கி நின்றேன். உள்ளே போன பிறகுதான் எஸ்.ஆர்.ரங்கநாதனைப் பற்றித் தெரிந்தது. கணக்கு ஆசிரியராக இருந்தவர், 1924-ல் இங்கே நூலகரானார். வேலை பிடிக்காமல் திரும்பிவிட நினைத்தவர், லண்டன் நூலகங்களைப் பார்த்து வந்ததும் மனம் மாறினார். வாசகர்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுக்க வழி செய்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது, 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டே கேட்டாள்: "அப்போ அங்க பொம்பளப் புள்ளைக்கும் பாடு உண்டா?"

"உண்டும்மா. கெடு முடிஞ்சா திருப்பிக் குடுத்துடணும். அடுத்தவங்க படிக்கணும்ல?"

"அது நியாயம்தான்" என்றாள்.