பாட்டியின் கறுப்புப் போத்தல்

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவர்களுக்கு இரவு என்று ஒன்று கிடையாது. நாலு மணிக்கு அலாரம். அதனால் நான் பீர் குடிப்பது சனிக்கிழமை மட்டும். அதுவும் ஒரு சின்னப் போத்தல் ஸ்டவுட், அதிலும் பாதி கணவருக்கு. இதை எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது. இந்த இணைப்பை ஞாயிறு காலையில் அம்மா ஒரு வரி விடாமல் படிப்பார். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லைதான். ஆனால் அச்சில் வருவது வேறு.

முதல் பீர் 19 வயதில். ஊடகத்துறைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. (அப்போது சட்டப்படி 18 போதும். 2017 டிசம்பரில்தான் 21 ஆனது.) குறும்படம் ஒன்றை எடுத்து முடித்த இரவு, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சீனர் கோப்பிக் கடை. ஆறு பேருக்கு மூன்று பெரிய போத்தல் டைகர், ஒரு வாளி ஐஸ். எனக்குக் கசப்பு தாங்கவில்லை. முகத்தைச் சுளித்தால் பையன்கள் கேலி செய்வார்களே என்று சிரித்துக்கொண்டே விழுங்கினேன். உண்மையில் எனக்குப் பிடித்தது பீர் இல்லை, மேசையில் எனக்கும் ஒரு கிளாஸ் வைத்தார்களே, அதுதான். வீட்டுக்குப் போகுமுன் வாயில் இரண்டு புதினா மிட்டாய்.

வேலைக்குப் போனதும் ருசி மாறியது, அல்லது மாறியதாகக் காட்டிக்கொண்டேன். ஆரஞ்சுத் துண்டு செருகிய வெளிநாட்டுக் கோதுமை பீர், பழ வாசனை அடிக்கும் பீர் என்று ஒரு சுற்று. விலையைச் சொன்னால் அம்மா குடித்ததை விட்டுவிட்டு அதற்குத்தான் திட்டுவார். அப்போதும் கைப்பையில் மிட்டாய் இருந்தது.

பிறகு மகள் பிறந்தாள். பதினாறாம் நாள், கோல சிலாங்கூர் பக்கமிருந்து பாட்டி வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். துணிப்பையிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் போத்தலை எடுத்தார். கின்னஸ். மங்கில் ஊற்றி, முட்டை ஒன்றை உடைத்துப் போட்டு, கரண்டியால் அடித்து நீட்டினார்.

"குடி கண்ணு. ரத்தம் ஊறும், பால் சுரக்கும்."

"பாட்டி, இது பீர்."

"பீரு ஆம்பளைங்க குடிக்கிறது. இது மருந்து."

பத்து வருடமாக நான் ஒளித்து வைத்த வாசம், வீட்டுச் சமையலறையின் நடுவில்! அம்மா பத்தியக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். பாட்டி விடவில்லை. "உங்கம்மாவும் குடிச்சவதான், நீ பொறந்தப்போ." அம்மா திரும்பியே பார்க்கவில்லை.

மது தாய்ப்பாலில் கலக்கும் என்று தாதி சொல்லியிருந்தார். ஸ்டவுட்டில் இரும்புச்சத்து நிறைய இருப்பதாக நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. உண்மையில் மிகக் குறைவு. கறுப்பு நிறம் வறுத்த பார்லியால் வருவது. இதையெல்லாம் சொன்னேன். "அஞ்சு பெத்தவ நான்" என்று சொல்லிவிட்டு, மங்கை எடுத்து முட்டையோடு தானே குடித்து முடித்தார் பாட்டி. மருந்தை வீணாக்கக் கூடாதாம்.

அன்றிரவு குழந்தை தூங்கியபின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாத்தாவைப் பற்றி அதுவரை அதிகம் பேசியதில்லை. முதலில் தோட்டத்துக் கள்ளுக்கடை, பிறகு சம்சு. "சம்பளத் தேதியில பாட்டி எங்க அஞ்சு பேரையும் ஆபீஸ் வாசல்ல நிறுத்துவாங்க. எங்க முகத்தப் பார்த்தாவது காசக் குடுப்பாருன்னு. சில மாசம் குடுப்பாரு." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நீ மிட்டாய் தின்னுட்டு வருவியே, புதினா மிட்டாய். அந்த வாசம் வந்தா எனக்கு வயித்தக் கலக்கும். காலேஜ்ல இருந்தே."

அத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது. ஒருநாளும் கேட்கவில்லை. எனக்குச் சுதந்திரமாகத் தெரிந்த இரவுகளில் அவர் கதவுச் சத்தத்துக்காக விழித்திருந்திருக்கிறார், சின்ன வயதில் தாத்தாவுக்காக விழித்திருந்த மாதிரியே. "ஏம்மா கேக்கல?" என்றேன். "கேட்டா நீ பொய் சொல்லுவ" என்றார்.

மகள் தாய்ப்பால் மறந்த பிறகு ஒருநாள், பழையபடி ஐஸ் போட்டு டைகர் குடித்துப் பார்த்தேன். இறங்கவில்லை. கடையில் கை தானாகக் கறுப்புப் போத்தலுக்குப் போனது. தோட்டத்துக் கோப்பி-ஓவின் கசப்பு அதில் இருக்கிறது. பழ வாசனை பீரில் ஓடிய காலத்தில் எனக்கு அது பிடித்திருக்காது. கணக்கும் இப்போது தெரியும்: 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் சுமார் 13 கிராம் மது. முன்பு அந்த எண்ணைப் படித்ததே இல்லை, எத்தனை போத்தல் என்றுதான் எண்ணினோம். இப்போது குடிப்பது வீட்டில் மட்டும், விளக்கெரியும் நேரத்தில். குடித்தால் காடியைத் தொடுவதில்லை. புதினா மிட்டாய் வாங்குவதையும் விட்டுவிட்டேன்.

சில சனிக்கிழமைகளில் அம்மா வந்திருப்பார். மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து பேத்திக்கு ஊட்டிக்கொண்டே கேட்பார், "ஒண்ணுதானே?"

"ஒண்ணுதாம்மா."

பிறகு வெறும் போத்தலை அவரே எடுத்து, நன்றாகக் கழுவி, பழைய பேப்பர் லோரிக்காக வாசலில் வைப்பார்.